மினி காருக்கு ஒரு கையுறை

பாத்திரம் தேய்க்கும்போது கையில் மாட்டிக் கொள்கிறோமே ரப்பர் உறை, அதற்கும் மோட்டார் காருக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தில் பழைய மினி கார் வைத்திருந்தவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

1956-ல் சூயஸ் கால்வாய்த் தகராறு மூண்டது. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. நாலு பேர் உட்கார வேண்டும், பெட்ரோல் அதிகம் குடிக்கக் கூடாது. அப்படி ஒரு சின்னக் கார் செய்யும் பொறுப்பு அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணரிடம் வந்தது. பத்தடி நீளந்தான் வண்டி. இடத்துக்கு எங்கே போவது? எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர் பெட்டியை அதற்கு அடியிலேயே குடி வைத்தார். 1959 ஆகஸ்டில் வண்டி வெளிவந்தது. நாலு சிலிண்டர், 848 ஸி.ஸி., 34 குதிரை சக்தி.

சோதனை வண்டியில் கார்புரேட்டர் முன்பக்கம் இருந்தது. குளிர் காற்றில் அது உறைந்து போயிற்று. சரியென்று எஞ்சினை முன்பின்னாகத் திருப்பினார்கள். ஒரு தொல்லை தீர்ந்தது, இன்னொன்று பிறந்தது! பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டர், வண்டியின் முகப்புக் கம்பித் தட்டிக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. மழையில் போனால் தண்ணீர் அதன்மேல்தான் அடிக்கும். எஞ்சின் இருமும், தும்மும், நடுவழியில் நின்றே விடும்.

டிஸ்டிரிபியூட்டரிலிருந்து கிளம்பும் தடித்த ஒயர்கள் ஐந்து. பிளக்குகளுக்கு நாலு, காயிலுக்கு ஒன்று. கையுறைக்கும் விரல்கள் ஐந்தல்லவா? விரல் நுனிகளைக் கத்தரித்து, விரலுக்கு ஓர் ஒயராக நுழைத்து, உறையால் மூடிவிட்டார்கள். ஜலதோஷம் போயிற்று!

இந்த எஞ்சினுக்கு வேறு குறைகளும் உண்டு. எஞ்சினும் கியரும் ஒரே எண்ணெயில் கூட்டுக் குடித்தனம் நடத்துவதால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும். காலத்தில் மாற்றாவிட்டால் இரண்டுக்கும் ஆபத்து. ரேடியேட்டரோ பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கும். வெயிலில், நெரிசலில் ஊர்ந்தால் சூடேறிவிடும். அப்போது அவசரப்பட்டு மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஆறும்வரை பொறுத்திருப்பதே நல்லது. எந்தப் பழைய காருக்கும் இது பொருந்தும்.

பிற்பாடு தொழிற்சாலையிலேயே மழைத் தடுப்பு வைத்து அனுப்பினார்கள். 2000-ஆம் ஆண்டு வரை 53 லட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் உருவாயின. ஆனாலும் பழைய மினிக்காரர்களுக்கு அடுக்களைக் கையுறையின் ஞாபகம் போகவில்லை. இஸிகோனிஸுக்குத் தோன்றாத யுக்தி அல்லவா அது!