மலைநாட்டு மன்றம் – 9: புல்லை அளந்தவர்

பூட்டான் நாடாளுமன்றத்தில் இரண்டே இடம் பிடித்த கட்சியிலிருந்து ஷெரிங் தோப்கே எதிர்க்கட்சித் தலைவரான கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 2008-இல் அவருக்கு எதிரே அமைச்சர் வரிசையில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் இந்த வாரம் வருகிறார். ஐந்தே ஆண்டில் இருவரும் இடம் மாறி உட்கார வேண்டிவந்தது.

பெயர் பெமா கியாம்ட்சோ. ஊர் பும்தாங் பக்கம். படித்தது புல்லைப் பற்றி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் வேளாண் அறிவியல் முடித்தவர், சுவிட்சர்லாந்துக்குப் போய் ஜூரிச்சின் புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1996-இல் முனைவர் பட்டம் வாங்கினார். பூட்டானின் உயர்மலை மேய்ச்சல் நிலங்கள் எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றைத் தேற்ற வழியுண்டா என்பதுதான் ஆய்வு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று சமவெளிக்காரர்களுக்குத் தோன்றும். பூட்டானில் புல்லுக்குப் பதிவேடு உண்டு, சண்டையும் உண்டு. மேய்ச்சல் நிலத்தை அங்கே ‘சாம்ட்ரோ’ என்பார்கள். நிலம் அரசுடையது, மேய்க்கும் உரிமை குடும்பத்துடையதாக இருந்தது. அது நிலப் பதிவேட்டில் பெயரோடு ஏறியிருந்தது. கோடையில் யாக் மந்தைகள் உச்சிக்கு ஏறும், குளிர்காலத்தில் இறங்கும். பும்தாங்கின் மாட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து தெற்கே வெப்பக்காடுகள் வரை மந்தையை ஓட்டிப்போவார்கள். புதர் மண்டினால் தீ வைத்துப் புல்லுக்கு இடம் பண்ணுவது மேய்ப்பர்களின் பழைய வழக்கம். 1969-இன் வனச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. 2007-இன் நிலச் சட்டம் மேய்ச்சல் உரிமைகளையே அரசின் கைக்குத் திருப்பி, குத்தகைக்கு விடலாம் என்றது. காட்டுக்காரர் ஒரு பக்கம், மாட்டுக்காரர் மறுபக்கம். நடுவில் நின்று அளப்பது புல் ஆய்வாளரின் வேலை.

அப்படிப்பட்டவர் அரசியலுக்கு எப்படி வந்தார்? வேறு யார் வருவார்கள் என்று கேட்பதே பொருத்தம். கட்சிகள் பிறந்ததே 2007-இல்தான். நாடாளுமன்ற வேட்பாளருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம் என்பது சட்டம். மேடையேறிப் பழகிய தலைவர்கள் இல்லாத நாட்டில், படித்தவர்களைத் தேடினால் அரசு அலுவலகங்களில்தான் கிடைப்பார்கள். தோப்கே பொறியியல் படித்தவர். பின்னால் பிரதமரான லோடே ஷெரிங் அறுவை மருத்துவர். கியாம்ட்சோவும் வேளாண் துறையிலும், காத்மாண்டுவிலுள்ள மலைப்பகுதி ஆய்வு மையமான ‘இசிமோட்’டிலும் வேலை பார்த்தவர்.

2008 மார்ச் 24 தேர்தலில் துருக் புயென்சம் சோக்பா கட்சி 47-இல் 45 இடங்களை அள்ளியது. சோய்கோர்–தாங் தொகுதியில் வென்ற கியாம்ட்சோ, பிரதமர் ஜிக்மே தின்லேயின் அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார். வயல், மாடு, காடு மூன்றும் அப்போது அங்கே ஒரே அமைச்சகம். எந்தக் காலத்திலும் நாட்டின் 60 சதவீதம் காடாகவே இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். உழுவதற்கு மிஞ்சுவது மிகச் சிறிய பங்கு.

2012-இல் ரியோ மாநாட்டின்போது பூட்டான் முழு இயற்கை வேளாண்மைக்கு மாறும் என்ற செய்தி உலகைச் சுற்றியது. பத்திரிகைகள் கொண்டாடின, இலக்கு 2020 என்று எழுதின. அமைச்சர் கியாம்ட்சோ வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் சொன்னது வேறு: கெடு ஏதும் இல்லை, வட்டாரம் வட்டாரமாக, பயிர் பயிராகத்தான் மாற முடியும்.

அவர் தயங்கியதற்குக் காரணம் வயலிலேயே இருந்தது. நெல்வயலில் ‘சோச்சும்’ என்றொரு களை. கையால் பிடுங்கி மாளாது. பிடுங்கக் கையும் இல்லை, இளைஞர்கள் திம்புவுக்குப் போய்விட்டார்கள். ஆளற்றுப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் ‘கூங்டோங்’ என்று தனிச் சொல்லே புழங்குகிறது. அதே 2012-இல் இந்திய ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்து, வாகன இறக்குமதியை நிறுத்தும் அளவுக்குப் போனது. அரிசியும் காய்கறியும் எல்லை தாண்டி வரவும் அதே ரூபாய்தான் வேண்டும். விளைச்சல் குறைந்தால் யார் தாங்குவது? 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இயற்கை முறையில் பூட்டானின் விளைச்சல் சராசரியாக 24 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டது. 2020 வந்தது, போனது. இலக்கு 2035-க்குத் தள்ளப்பட்டது. நாட்டுக்குப் பெருமை சேர்த்தது அந்தத் தேதி. உண்மையைச் சொன்னது அமைச்சரின் தயக்கம்.

2013-இல் காற்று திரும்பியது. தேர்தலின் முதல் சுற்றில் அவர் கட்சிதான் முந்தியது. ஜூலையில், இரண்டாம் சுற்றுக்குச் சில நாட்களே இருந்தபோது, சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா தந்துவந்த மானியம் நின்றது. ஜூலை 13 தேர்தலில் தோப்கேயின் கட்சிக்கு 32, இவர் கட்சிக்கு 15. தின்லே பதவியை உதறிவிட்டுப் போக, எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி கியாம்ட்சோவுக்கு வந்தது. கட்சித் தலைமையும் பின்னாலேயே வந்தது. 2018-இல் தோப்கேயின் கட்சி முதல் சுற்றோடு வெளியேறியது. கியாம்ட்சோ 17 பேரோடு மறுபடியும் அதே நாற்காலியில்! பூட்டானில் கடைசிச் சுற்றுக்கு இரண்டு கட்சிகளுக்கே அனுமதி. தோற்றவர் எதிர்வரிசையில் உட்காருவார், மூன்றாமவருக்கு அவையில் இடமே இல்லை.

2020-இல் அவர் நாடாளுமன்றத்தை விட்டார். அக்டோபரில், முன்பு வேலை பார்த்த அதே இசிமோட்டுக்குத் தலைமை இயக்குநராகப் போனார். ஆப்கானிஸ்தான் முதல் மியான்மர் வரை எட்டு நாடுகள் உறுப்பினர்களாக உள்ள மையம் அது. அவர் இல்லாத கட்சி 2023 நவம்பரில் முதல் சுற்றிலேயே விழுந்தது. அடுத்த ஜனவரியில் தோப்கே மீண்டும் பிரதமர்.

கியாம்ட்சோ இயக்குநராக இருந்தபோது, 2023 ஜூனில் இசிமோட் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 2011–2020-இல் இந்துகுஷ் இமயத்தின் பனியாறுகள் 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன. இப்படியே போனால் 2100-க்குள் இன்றுள்ள பனியில் 80 சதவீதம் வரை போய்விடலாம். மலையில் 24 கோடிப் பேர், கீழே சமவெளியில் 165 கோடிப் பேர் இந்த நீரை நம்பியிருக்கிறார்கள்.

வயலுக்குக் கெடு சொல்ல மறுத்தவரின் மையம் பனிக்கு ஆண்டு குறித்துச் சொல்லியிருக்கிறது. இது மேடையில் வைத்த தேதி இல்லை. அளந்து பார்த்து வைத்தது. 2020-ஐப் போல இதை 2035-க்குத் தள்ளிவைக்க எந்த அரசாலும் முடியாது.

அடுத்த வாரம்: பிரதமரான பிறகும் சனிக்கிழமைகளில் அறுவைக் கத்தியைக் கீழே வைக்காத லோடே ஷெரிங்.

(தொடரும்)