கூட்டம் நிரம்பியது, கல்லா நிரம்பவில்லை!
மான்செஸ்டர் நைட் கிளப் முதலாளிகள் கற்ற பாடம்

ராத்திரி ஆட்டம் நடத்தினால் ஒரே வருடத்தில் பணக்காரன் ஆகிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாடகைக்கு ஒரு ஹால், நாலு ஸ்பீக்கர், இசைத்தட்டு சுழற்ற ஓர் ஆள், வாசலில் டிக்கெட். அப்புறம் என்ன, பண மழைதான் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே உதைக்கும்? இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 15 வருடம் நடந்த "ஹசியெண்டா" நைட் கிளப்பின் கதை ஒன்றே போதும். உலகப் புகழ் பெற்ற கிளப். நடத்தியவர்களோ கடைசியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள்.

தொடக்கமே சறுக்கல்

"ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்" என்ற இசைத்தட்டுக் கம்பெனியும், "நியூ ஆர்டர்" என்ற இசைக்குழுவும் சேர்ந்து முதல் போட்டன. கம்பெனியின் தலைவர் டோனி வில்சன், டெலிவிஷனில் நிகழ்ச்சி நடத்தியவர். குழுவின் மேனேஜர் ராப் கிரெட்டன். இருவருக்கும் பாட்டு தெரியும். பார் நடத்தத் தெரியாது.

விட்வொர்த் தெருவில், முன்பு உல்லாசப் படகு விற்ற கட்டிடம் அது. 1982 மே 21-ந் தேதி திறப்பு விழா. பெர்னார்ட் மேனிங் என்ற நகைச்சுவைக்காரரை மேடை ஏற்றினார்கள். வந்திருந்த இளவட்டங்களுக்கு அவர் ஜோக் பிடிக்கவில்லை. வாங்கிய பணத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார் என்று சொல்வார்கள்.

சறுக்கல் முதல் நாளோடு போகவில்லை. பெரிய ஹால், குளிர், எதிரொலி. பல இரவுகள் ஈ ஓட்டினார்கள். 1984 ஜனவரியில் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்காக மடோனாவே அங்கே வந்து ஆடிப் பாடினார். அப்போது அவருக்கு இங்கிலாந்தில் அவ்வளவாகப் பெயர் இல்லை.

நஷ்டத்தை யார் கட்டியது? நியூ ஆர்டர் குழுதான். 1983-ல் வந்த அவர்களுடைய "புளூ மண்டே" இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. பாடிச் சம்பாதித்த பணத்தை கிளப் தின்றது.

வெள்ளிக்கிழமை ராசி

நிலைமையை மாற்றியது கட்டிடமும் அல்ல, போஸ்டரும் அல்ல. ஒரு கிழமை!

கிளப்புக்கு இசைக்குழுக்களைப் பிடித்து வரும் வேலையில் இருந்தவர் மைக் பிக்கரிங். வெள்ளிக்கிழமை தோறும் "நியூட்" என்ற பெயரில் நடந்த ஆட்டத்தில் அவரே இசைத்தட்டு சுழற்றினார். 1986 வாக்கில், அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து வந்த "ஹவுஸ்" இசையை இறக்கினார். டிரம் மெஷினும் சிந்தசைசரும் போடும் ஒரே சீரான தாளம். ஆட வந்தவர்கள் நிறுத்தவே இல்லை.

வாரா வாரம் அதே நாள், அதே ஆள், அதே மாதிரி இசை. வந்தவர்கள் சிநேகிதர்களைக் கூட்டி வந்தார்கள். 1988 கோடையில் புதன்கிழமைகளில் "ஹாட்" என்று இன்னோர் ஆட்டம் தொடங்கினார்கள். ஹாலுக்குள்ளேயே சின்ன நீச்சல் குளம் வைத்தார்கள். வாசலில் நீண்ட கியூ நின்றது.

தண்ணீர் போதும்!

இனிமேல் லாபம்தான் என்று நினைத்தார்கள். அங்கேதான் அடி விழுந்தது.

நைட் கிளப்புக்கு டிக்கெட் பணத்தோடு பாரில் விற்கும் பீரும் சோறு போடுகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பலர் "எக்ஸ்டசி" மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினார்கள். 1977 முதலே பிரிட்டனில் தடை செய்யப்பட்ட சரக்கு அது. மாத்திரை போட்டவனுக்கு பீர் வேண்டாம், தண்ணீர் போதும். ஹால் நிரம்பி வழிந்தது. காசு மாத்திரை விற்றவன் பைக்குள் போச்சு. வாடகை, மின்சாரம், சம்பளம் மட்டும் முதலாளி தலையில்.

காசு போனால் போகட்டும், உயிரும் போனது. 1989 ஜூலையில், மாத்திரை விழுங்கிய 16 வயதுப் பெண் கிளப்பில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பிழைக்கவில்லை. போலீஸ் பார்வை கிளப் மீது திரும்பியது. 1990-ல் லைசென்சுக்கே ஆபத்து வந்தது. பெரிய வக்கீல் ஜார்ஜ் கார்மனை வைத்து வாதாடித்தான் காப்பாற்றினார்கள்.

வாசலில் துப்பாக்கி

மாத்திரை விற்கிற இடத்துக்கு ரவுடிகள் வராமல் இருப்பார்களா? வாசல் யார் கையில் இருக்கிறதோ, வியாபாரம் அவன் கையில். அதற்காகக் கும்பல்கள் மோதின. வாசல் காவலர்களைத் துப்பாக்கி காட்டி மிரட்டினார்கள். 1991 ஜனவரியில் முதலாளிகள் தாங்களே கிளப்பை மூடினார்கள்.

மே மாதம் மீண்டும் திறந்தார்கள். விமான நிலையம் மாதிரி வாசலில் உலோகச் சோதனைக் கருவி வைத்தார்கள். சில வாரங்களிலேயே காவலர்கள் கத்தியால் குத்தப்பட்டார்கள்.

1992 நவம்பரில் ஃபேக்டரி கம்பெனி திவால் ஆனது. 1997 ஜூனில் கிளப்புக்குக் கடைசிப் பூட்டு விழுந்தது. 2002-ல் கட்டிடத்தை இடித்தார்கள். அதே இடத்தில், அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது.

புதுசா வர்றவங்களுக்கு...

நியூ ஆர்டர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த பீட்டர் ஹுக், பணம் போட்டு நொந்தவர்களில் ஒருவர். 2009-ல் இந்தக் கதையைப் புத்தகமாகவே எழுதினார். "கிளப்பை எப்படி நடத்தக் கூடாது" என்று அதற்குத் துணைத் தலைப்பும் கொடுத்தார்!

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: பெரிய ஹாலைப் பிடித்துவிட்டுக் கூட்டத்தைத் தேடாதே. ஒரு கிழமையைப் பிடி, கூட்டம் சேர்ந்த பிறகு ஹாலைத் தேடு. கியூவை எண்ணாதே, கல்லாவை எண்ணு. வாசலில் நிற்கிற ஆளை நீயே தெரிந்து வை.

லைசென்ஸ் இல்லாமல் நடத்தலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அனுமதி இல்லாத ஆட்டங்களுக்கு இருந்த 2,000 பவுன் அபராதத்தை 1990-ல் பிரிட்டன் 20,000 பவுனாக உயர்த்தியது. 6 மாதச் சிறையும் சேர்ந்தது.

இன்னொன்று, தண்ணீர். பாரில் கேட்கிறவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று 2010 முதல் இங்கிலாந்தில் சட்டமே இருக்கிறது. ஆடிக் களைத்தவன் கேட்கும் ஒரு டம்ளர் தண்ணீரில் லாபம் பார்க்க முடியாது. அந்தத் தண்ணீரைக் கொடுத்த பிறகும் கணக்கு உதைக்காமல் இருந்தால்தான் அது தொழில்.