தெளிந்த நீரும் தூய நீரும்

வடசென்னையிலுள்ள தண்டையார்பேட்டையில் மண்ணுக்கடியில் மூவகைக் குழாய்கள் இடப்பட்டிருக்கின்றன. ஒன்று வீடுகளுக்குக் குடிநீரைக் கொண்டு வருவது. மற்றொன்று வீடுகளின் கழிவுநீரை அகற்றுவது. மூன்றாவது, துறைமுகத்தில் இறங்கும் எண்ணெயைச் சேமிப்புக் கிடங்குகளுக்கு எடுத்துச் செல்வதற்கென அமைந்தது. இம்மூன்றும் தத்தம் எல்லைக்குள் நிற்கும் வரையில் ஊருக்கு நலமே. ஒன்றில் உள்ளது மற்றொன்றின் இடத்தில் புகுந்தால் என்ன நேரும், அதை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை இங்கே காண்போம்.

சென்னைக்குச் செங்குன்றம் ஏரியிலிருந்து முறையாக நீர் கொண்டுவரும் திட்டம் 1872-இல் நிறைவேறியது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கவல்ல நிலையம் தொடங்கப்பெற்றது. இத்தகைய நிலையங்களிலிருந்து நீர் தூய்மையாகவே புறப்படுகிறது. ஆனால் புறப்பட்ட இடத்தில் தூய்மையாக இருந்த நீர், வந்து சேரும் இடத்திலும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதி ஏது?

குழாயில் நீர் நிறைந்து ஓடும்போது, அதன் அழுத்தம் வெளியேயுள்ள அழுக்கை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. நீர் நின்றவுடன் அவ்வழுத்தம் குன்றிவிடும். அப்போது மின்விசைப் பொறியையோ அடிபம்பையோ கொண்டு எஞ்சிய நீரை இழுத்தால், குழாய் வெளியேயுள்ளதை உறிஞ்சத் தொடங்குகிறது. குழாயில் சிறு வெடிப்பும், அதனருகே கசியும் கழிவுநீரும் இருந்தால் போதும். கிருமிகள் குடிநீரில் கலந்துவிடும். குறித்த நேரத்தில் மட்டும் நீர் விடப்படும் ஊர்களில் இவ்வாய்ப்பு நாள்தோறும் நேர்கிறது.

இவ்வாறு கலந்த நீர் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றலாம். 1854-இல் இலண்டன் மாநகரின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அதற்குக் காரணம் அத்தெருவின் நீரிறைக்கும் குழாயே என்று ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் நிறுவினார். அக்குழாய்நீரோ தெளிவும் சுவையும் உடையது என்று பெயர் பெற்றிருந்தது! கிணற்றின் அருகிலிருந்த மலக்குழியின் கசிவே நோயைக் கொணர்ந்தது. நம் சென்னையிலும் 1992-இல் பரவிய காலராவை ஆராய்ந்தபோது, ஓ-139 என்னும் புதுவகைக் கிருமி தென்பட்டது. அடுத்த ஆண்டிற்குள் அது வங்கம் வரை சென்றுவிட்டது. ஆகவே தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை நாம் மறக்கலாகாது.

கிருமிகளுக்குக் காவலாக நீரில் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது கிருமிகளைக் கொல்வதிலும் அழுக்குடன் கலப்பதிலும் செலவாகிறது. செலவானது போக மிஞ்சியிருப்பதை எச்சக் குளோரின் என்பர். நம் நாட்டின் குடிநீர்த் தரவிதியான ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் வேண்டும் என்கிறது. ஆயிரம் லிட்டர் கொள்ளும் தெருத்தொட்டிக்கு இது கால் கிராமுக்கும் குறைவே. இச்சிறு அளவு இருக்கிறதா என்பதை, ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் நீரை எடுத்து மருந்து கலந்து, தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தைக் கொண்டு சில நிமிடங்களில் அறியலாம். நிறம் தோன்றவில்லையெனில் காவலாள் இல்லை என்பது பொருள். கிருமி இருந்தே தீரும் என்பதன்று. அதனை உறுதி செய்ய, கிருமி நீக்கிய புட்டியில் நீர் எடுத்து, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பிக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி என்னும் குடற்கிருமி ஒன்றும் தென்படலாகாது என்பது விதி. குளோரின் மணம் வீசுகிறது என்று முகம் சுளிப்போர் உளர். அளவோடு வீசும் அம்மணம் காவலாளின் காலடி ஓசை என்று அவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

எனினும் இக்காவலாள் எல்லாப் பகைவரையும் வெல்ல வல்லவன் அல்லன். 2013-இல் தண்டையார்பேட்டை மக்கள் தம் ஆழ்துளைக் கிணற்று நீரில் பெட்ரோல் மணத்தைக் கண்டனர். பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு மண்ணில் ஊறி, நிலத்தடி நீரை அடைந்திருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை அவ்வழக்கு சென்றது. எண்ணெய் கலந்த நீரைக் குளோரின் திருத்தாது. காய்ச்சினாலும் பயனில்லை, கிருமியைக் கொல்லும் கொதிப்பு, இங்கே எண்ணெயின் ஆவியைச் சமையலறைக்குள் பரப்பவே செய்யும். அத்தகைய நீரைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தி, உரிய அலுவலகத்திற்கு அறிவிப்பதே வழி. ஒவ்வொரு தீங்கிற்கும் அதற்கேற்ற சோதனை உண்டு. ஒரு சோதனையில் தேறிய நீர் எல்லாச் சோதனையிலும் தேறியதாகாது.

தரவிதி நூலில் அச்சாகியிருப்பதால் மட்டும் ஒருவருடைய தாகமும் பாதுகாப்பாகத் தணிந்துவிடாது. அது கடைசிக் குழாயில், அதாவது நிலையத்திற்கு மிகத் தொலைவிலுள்ள தெருவின் முனையில், நிறைவேற வேண்டும். அங்கே நாளும் நேரமும் எச்சக் குளோரினின் அளவும் ஓர் ஏட்டில் குறிக்கப்பட வேண்டும். நேற்று 0.3 இருந்து இன்று சுழியம் என்று ஏடு காட்டுமாயின், நோயாளி மருத்துவமனைக்குச் செல்லுமுன்னரே குழாயைப் பழுதுபார்க்கலாம். ஏடு இல்லாத ஊரிலோ, தண்டையார்பேட்டையிலுள்ள தொற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் நிரம்பும் படுக்கைகளே முதல் எச்சரிக்கையாகிவிடும்.

வேதியியல் பயிலும் மாணவர்களுக்கு இச்சோதனை அரிய செயலன்று. உங்கள் பள்ளியின் குடிநீர்க் குழாயில் இதனை ஆசிரியர் துணையுடன் வாரந்தோறும் செய்து, ஓர் ஏட்டில் குறித்து வாருங்கள். அளவு குறைந்த நாளில் அவ்வேட்டைக் கொண்டு சென்று அலுவலரிடம் காட்டுங்கள். வெறும் முறையீட்டைவிட, நாளும் அளவும் குறித்த ஏட்டிற்கு வலிமை மிகுதி.