மன்றத்தில் என்ன கற்றார்கள்?

மதுரைப் பெண்கள் கல்லூரிகளில் தமிழ் மன்றத் தொடக்க விழா நடக்கும்போது தலைவியும் செயலரும் மேடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்போம். அது நமக்குப் பழகிய காட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மாணவி அந்த நாற்காலியில் உட்கார என்னென்ன தேவைப்பட்டது என்று இன்று பார்ப்போம்.

அப்போது மதுரையில் பெண்கள் கல்லூரி இல்லை. லேடி டோக் கல்லூரி வந்ததே 1948இல்தான். ஆகவே மதுரைக்கு 1834இல் மிஷனரிகளை அனுப்பிய அமெரிக்காவுக்குத்தான் நாமும் போக வேண்டும். அங்கே ஜார்ஜியாவின் வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில் 1851இலேயே இலக்கியச் சங்கம் இருந்தது. வாசர் கல்லூரி 1865இல் திறந்தது. அந்த ஆண்டே சங்கமும் பிறந்தது.

இலக்கியச் சங்கம் என்றதும் கவிதை வாசிப்பு, கைதட்டல், பொழுதுபோக்கு என்றே எல்லோரும் நினைக்கிறோம். கவிதையும் கட்டுரையும் உண்டுதான். ஆனால் சங்கத்தின் உயிர் வேறிடத்தில் இருந்தது. விதிகளை எழுதுவது, வாக்களித்துத் தலைவியைத் தேர்ந்தெடுப்பது, சந்தா வசூலிப்பது, தீர்மானம் கொண்டுவருவது, அதை ஒருத்தி மறுத்துப் பேசுவது, நடந்ததைச் செயலர் எழுதி வைப்பது என எல்லாவற்றையும் மாணவிகளே செய்தார்கள். நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மான நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூடிப் பேசி, முடிவெடுத்து, கையெழுத்திடும் அந்தப் பழக்கம்தான் அங்கே பாடம்.

அதை ஏன் வகுப்பிலேயே கற்கவில்லை? ஓபர்லின் கல்லூரியின் கதையில் விடை இருக்கிறது. அது இருபாலரும் படித்த இடம். 1841இல் மூன்று பெண்கள் அங்கே பட்டம் பெற்றார்கள். மாணவியருக்கு 1835 முதலே தனிச் சங்கமும் இருந்தது. ஆனால் பேச்சுக்கலை வகுப்பில் விவாதிப்பது ஆண்கள். பெண்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். பலர் முன்னிலையில் பெண் பேசுவது தகாது என்பது அன்றைய எண்ணம். படிக்கலாம், எழுதலாம், பேசத்தான் கூடாது. எவ்வளவு நுட்பமான தடை!

லூசி ஸ்டோனும் அன்டாய்னெட் பிரௌனும் அங்கே படித்த தோழிகள். ஒருமுறை ஆசிரியர் இணங்கியதால் இருவரும் வகுப்பில் வாதிட்டார்கள். பிறகு அதற்கும் தடை வந்தது. சில மாணவிகள் காட்டுக்குள் போய், யாராவது வருகிறார்களா என்று காவல் வைத்து விவாதம் நடத்தினார்கள். ஊரோரத்தில் வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவரும் தம் வீட்டில் இடம் கொடுத்தார். லூசியிடம் எழுத்துக் கற்றவர் அவர். எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய மன்றம் அந்தச் சின்ன வீடுதான்.

1847இல் பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டுரை எழுத லூசி தேர்வானார். ஆனால் மேடையில் அதை வாசிப்பவர் ஓர் ஆண் பேராசிரியர். அப்படியானால் எழுதவே மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

மூன்றே ஆண்டுகளில், 1850இல், வூஸ்டர் நகரில் பெண்ணுரிமைக்கான தேசிய மாநாட்டைக் கூட்டியவர்களில் அவரும் ஒருவர். தலைமையைத் தேர்வது, தீர்மானத்தை முன்மொழிவது, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் அவருக்கு ஏற்கெனவே பழக்கம். பேசவிடாத அதே ஓபர்லின், 1883இல் தன் ஐம்பதாம் ஆண்டு விழாவில் பேச அவரை அழைத்தது. போய்ப் பேசினார்.