பழைய பெற்றோல் வண்டியின் எஞ்சின் தாழ்வோட்டத்தில் தடுமாறினால்

கமக்காரரே,

பறித்த மரக்கறி வாடுமுன் சந்தை சேர்தல் வேண்டும். அதைச் சுமக்கும் பழைய லொறியோ வானோ வழியில் நின்றால் பயிரிட்ட பாடு வீணாகும். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தபின் எஞ்சின் மெதுவாக ஓடுவதே தாழ்வோட்டம். இதனை மெக்கானிக்மார் ஐட்லிங் என்பர். எல்லயிலிருந்து வெல்லவாய்க்கு இறங்கும் பாதையில் எஞ்சின் நின்றால் பிரேக்கிற்குத் துணைசெய்யும் வெற்றிட விசை விரைவில் தீர்ந்து, மிதி கடினமாகும். ஆகையால் இக்குறையை அற்பமென்று விடலாகாது.

பலர் உடனே தாழ்வோட்டத் திருகாணியை முறுக்குவர். இது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. முதலிற் காரணத்தைக் காணுங்கள்.

வண்டியை வெளியிடத்தில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை நன்கு சூடேற விடுங்கள். பின்னர் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள்.

ஓட்டம் சீரானால், எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை. அல்லது வேண்டாத காற்று நுழைகிறது. வெடித்த ரப்பர்க் குழாய்களையும், காபரேற்றரின் அடியிலுள்ள பொருத்துக்களையும் பாருங்கள். சீறும் ஒலி கேட்கும் இடத்திற் சவர்க்கார நீர் தெளிக்கும்போது ஓட்டம் மாறினால் ஒழுக்கு அங்கேயே உள்ளது. ஒழுக்கு இல்லையேல் தாழ்வோட்டத் துவாரம் அடைபட்டிருக்கலாம்.

ஓட்டம் மேலும் கெட்டுக் கரும்புகை வந்தால், பெற்றோல் மிகுதி. காற்றுச் சல்லடையிலுள்ள தூசியை முதலில் நீக்குங்கள். எல்ல ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்திலொரு பங்களவு குறைவு. எனவே தாழ்நிலத்திற் சரிசெய்த காபரேற்றர் மலையில் அளவுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும். வண்டி பெரும்பாலும் ஓடும் இடத்திலேயே அதனைச் சரிசெய்வித்தல் நன்று.

சோக்கினால் மாற்றமில்லையேல் பொறியைச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஆறியபின், பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நலத்தின் குறி. காய்ந்த கரி பெற்றோல் மிகுதியின் குறி. வெண்மை பெற்றோல் குறைவின் குறி. எண்ணெய்ப் பிசுக்கு றிங் அல்லது வால்வுத் தேய்வின் குறி. ஒரு பிளக்கு மட்டும் வேறுபட்டால் குறை அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. பொயின்ற் தேய்ந்திருந்தால் மாற்றி, கைந்நூலிற் கூறிய இடைவெளியை வைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் சரியான பின்னரே திருகாணியைத் தொடுங்கள். அதையும் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பாதீர். முன்னிருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோல் குழாயைக் கழற்றும்போது அருகில் தீயோ சுருட்டோ இருத்தல் கூடாது.

எண்ணெய்ப் பிசுக்கு நீங்காதிருப்பின் மெக்கானிக்கிடம் காட்டி, சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பியுங்கள். இறக்கத்தில் வண்டியை எப்போதும் கியரிலேயே இறக்குங்கள், நியூட்ரலில் ஓடவிடாதீர்.