எம்பிஏக்குக் காசு கட்ட முதல்

லா சப்பல் கடைகளிலும் றெஸ்ரோறன்களிலும் உழைச்சு, அம்மா அப்பா சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்க அதைக் கேக்க முதல் கணக்கைப் பாருங்கோ.

தனியார் பிசினஸ் ஸ்கூலில் வருசத்துக்கு 10,000 யூரோவுக்கு மேலே போகலாம். அரச பல்கலைக்கழக மாஸ்தருக்கு 2024-25இல் பதிவுக் கட்டணம் 250 யூரோ.

தனியார் ஸ்கூல்தான் வேணுமெண்டால் அப்ரான்திசாஜ் ஒப்பந்தம் தேடுங்கோ. படிப்புக் கட்டணம் உங்கடை தலையில் விழாது. 21 வயதெண்டால் முதல் வருசமே குறைஞ்சது ஸ்மிக்கின் 53 வீதம் சம்பளம்.

‘எம்பிஏ’ எண்ட பெயருக்குப் பிரான்சில் சட்டப் பாதுகாப்பு இல்லை. அரசு தரும் ‘கிறாட் து மாஸ்தர்’ இருக்கோ எண்டு கேளுங்கோ.

நான் ஐடி கொன்ட்ராக்டர். நாள் கூலி பேசேக்க என்னட்டைக் கேக்கிற முதல் கேள்வி, “கடைசியா என்ன செய்தனீங்கள்?” அதுக்குப் பதில் தாற படிப்புக்குத்தான் அந்தச் சீட்டுக்காசு பெறுமதி.