காலி நாற்காலியும் கறுப்புச் சதுரங்களும்



நம் திண்டுக்கல்லில் 400 இருக்கைகள் கொண்ட ஒரு திரையரங்கு இருப்பதாகக் கொள்வோம். மழை பெய்யும் மாலை. 150 பேர்தான் வந்திருக்கிறார்கள். விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, படமும் ஓடுகிறது. அரங்கு நிறைந்தாலும் செலவு ஏறக்குறைய இதேதான். இன்று விற்காத திண்டுக்கல் பூட்டை நாளை விற்கலாம். விற்காத இருக்கையைக் காட்சி முடிந்தபின் விற்க முடியுமா?

100 மாணவர்களுக்குத் தலைக்கு 60 ரூபாய்க்குச் சீட்டு விற்றால் 6,000 ரூபாய் கூடுதல் வசூல். ஆனால் முழு விலை தரக்கூடியவர்களும் அதே சலுகையைக் கேட்பார்களே! சலுகை உரியவருக்கு மட்டும், காலி இருக்கைக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும்.

நியூயார்க்கில் 1996-இல் 'ரென்ட்' என்ற இசை நாடகத்தின் முன் இரு வரிசைச் சீட்டுகள் 20 டாலருக்கு விற்கப்பட்டன. அவற்றுக்காக இளைஞர்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தார்கள். 2013-இல் அந்நகரில் தொடங்கிய 'டுடேடிக்ஸ்' என்னும் செயலி, அன்றைய காட்சிக்கான மலிவுச் சீட்டுகளைக் கைபேசிக்கே கொண்டுவந்தது. நம் நாட்டிலும் 2022 செப்டம்பர் 23 அன்று, தேசிய சினிமா தினத்தில், பல அரங்குகள் 75 ரூபாய்க்குச் சீட்டு விற்றன.

கைபேசிச் சீட்டில் கறுப்பு வெள்ளைச் சதுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கியூ.ஆர். குறியீடு. 1994-இல் ஜப்பானில் மசாஹிரோ ஹாராவின் குழுவினர் தொழிற்சாலை உதிரிபாகங்களைக் கணக்கிட இதை உருவாக்கினர். மிகச் சிறிய குறியீட்டில் 21 × 21, அதாவது 441 கட்டங்கள். மூன்று மூலைகளிலுள்ள பெரிய சதுரங்கள் 'குறியீடு இங்கே, இந்தத் திசையில்' என்று கேமராவுக்குக் காட்டுகின்றன. ஒரு பகுதி அழிந்தாலும் படிக்க உதவும் பிழைதிருத்தக் கணக்கும் உள்ளே உண்டு.

சரி, இதைப் படம் பிடித்து நண்பனுக்கு அனுப்பினால் இருவரும் உள்ளே போகலாமா? முடியாது! கள்ளச்சாவி பூட்டை எத்தனை முறையும் திறக்கும். சீட்டின் எண்ணோ அரங்கின் கணினியில் பதிவாகியிருக்கிறது. வாயிலில் முதலில் காட்டியதுமே 'பயன்படுத்தப்பட்டது' என்று குறிக்கப்படும். அடுத்து வருபவர் வெளியேதான்.

மலிவுச் சீட்டுக்கு நாம் வேறொரு விலையும் தருகிறோம். கைபேசி எண், பிறந்த தேதி, பள்ளியின் பெயர், சில வேளை இருக்கும் இடம்கூட! 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே வீட்டில் கேட்டுச் செய்யுங்கள். 'பரிசுச் சீட்டு விழுந்திருக்கிறது, ரகசிய எண்ணைச் சொல்' என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை.

கைபேசி இல்லாத மாணவரும் உண்டு. பள்ளி அடையாள அட்டையைக் காட்டி வாங்கும் ஜன்னலும் திறந்திருந்தால்தான் அது எல்லா மாணவருக்குமான சலுகை.

செய்து பாருங்கள்: உங்கள் பாடநூலிலுள்ள கியூ.ஆர். குறியீட்டின் நடுவே ஒரு சிறு காகிதத் துண்டை வையுங்கள். கைபேசி படிக்கிறதா? இனி அதே துண்டால் ஒரு மூலைச் சதுரத்தை மூடுங்கள். என்ன நடக்கிறது? ஏன்?